வூப்பெற்றால்காரர் எடுத்த கல்யாணம்

ஒஸ்லோவில் இரண்டு தமிழர் முதன்முதலாகச் சந்தித்தால் மூன்றாவது கேள்வி "ஊரிலை எவடம்?" என்பதாகத்தான் இருக்கும். சூசைரட்ணத்திடம் கேட்டால் "வூப்பெற்றால்" என்பார். கேட்டவர் அப்படி ஒரு கிராமம் தீவுப் பக்கம் இருக்கிறதோ என்று கொஞ்சநேரம் யோசிப்பார். அது ஜேர்மனியில் உள்ள ஒரு நகரம். சூசைரட்ணம் பிறந்தது குருநகரில். ஆனால் குருநகரில் பிறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், வூப்பெற்றாலில் கமெரா பழகிய தமிழர் உலகத்திலேயே மூன்று பேர்தான் என்பது அவருடைய கணக்கு.

அவர் என் மனைவியின் அண்ணன். ரொம்சோஸில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் இருக்கிறார். வாரநாட்களில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு அவிப்பார். சனி ஞாயிறுகளில் ஒஸ்லோத் தமிழரின் கல்யாணம், சாமத்தியவீடு, முதல் நன்மை, பிறந்தநாள் எல்லாவற்றையும் வீடியோ எடுப்பார். நான் பஸ் ஓட்டுகிறவன். சனி ஞாயிறுகளில் அவருக்கு லைற் பிடிப்பேன். பிடிக்க விருப்பமா என்று பதினொரு வருடமாக ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

எண்பதுகளில் வூப்பெற்றால் அகதி விடுதி ஒன்றின் ஒரே அறையில் சூசைரட்ணம், பேனாட், சவிரிமுத்து என்று மூன்று பேர் இருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை, ஊரை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. மூவரும் காசு சேர்த்து ஒரு பழைய வீடியோக் கமெரா வாங்கினார்கள். அந்த நகரத்தில் ஒரு ரயில் ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகும். வேறு எதுவும் கிடைக்காமல் மூவரும் ஒரு மாதம் அந்த ரயிலையே படம் எடுத்தார்கள். அந்தக் கசெற்றை நான் பார்த்திருக்கிறேன். ரயில் போகும், பிறகு வரும். "இதிலை கதை எங்கை மச்சான்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்த அறையில்தான் ஒரு சட்டமும் பிறந்தது: எடுத்தவன் தன் கசெற்றைத் தான் பார்க்கக் கூடாது. ஏனென்றால் ஒவ்வொருவனும் தான் எடுத்ததைப் போட்டுப் பார்த்து, "ஆகா, என்ன மாதிரி எடுத்திருக்கிறன்" என்று தானே வாயைப் பிளந்துகொண்டு இருந்திருக்கிறான். மற்ற இருவராலும் பொறுக்க முடியவில்லை. ஆகவே எடுத்தவன் கசெற்றை இன்னொருவனிடம் கொடுக்க வேண்டும், எதை வைப்பது எதை வெட்டுவது என்று அவன்தான் முடிவு செய்வான்.

பிறகு மூவரும் பிரிந்தார்கள். சவிரிமுத்து லண்டன் போய் ஒரு தமிழ்த் தொலைக்காட்சிக்கு நாடகம் எடுக்கும் இயக்குநர் ஆனார். பேனாட் பாரிஸில் இன்னொரு தமிழ்த் தொலைக்காட்சியில் எடிற்றர். சூசைரட்ணம் கல்யாணம் கட்டி ஒஸ்லோ வந்தார். ஆட்கள் பிரிந்தாலும் சட்டம் பிரியவில்லை. ஒஸ்லோக் கல்யாணத்துக் கசெற்றுகள் தபாலில் பாரிஸ் போகும். பேனாட் வெட்டி ஒட்டி, மேளச்சத்தம் போட்டு, பூ விழுகிற மாதிரி எழுத்தும் போட்டுத் திருப்பி அனுப்புவார். பாரிஸில் பேனாட் எடுக்கும் பிறந்தநாள்கள் இங்கே வந்து சூசைரட்ணத்தின் கத்திக்குத் தப்பிப் போகும். சவிரிமுத்து இப்போது இயக்குநர் என்றபடியால் இருவருக்கும் புத்திமதி மட்டும் அனுப்புவார்.

இதனால் ஒஸ்லோவில் சூசைரட்ணத்துக்கு ஒரு மரியாதை இருந்தது உண்மை. எங்கள் வீட்டில் ரி.வி. நாடகம் முடிந்ததும் எல்லோரும் சோறு போட எழும்பிவிடுவோம். அவர் மட்டும் ரி.வி.க்குக் கிட்டப் போய், மூக்கு முட்ட நின்று, கடைசியில் ஓடுகிற பெயர்களைப் பார்ப்பார். "அந்தா, சவிரிமுத்து! எங்கடை ஊர்!" என்று கத்துவார். எனக்கு எழுத்தே பிடிபட முன்னமே பெயர் ஓடிவிடும். அவருக்கும் பிடிபடாது என்பது எனக்கும் என் மனைவிக்கும் தெரியும்.

அதுதான் இந்தக் கதையின் வில்லங்கம். சூசைரட்ணத்துக்கு நாற்பத்தாறு வயது. கிட்ட இருக்கிற எழுத்து தெரியாது. வரிக் கந்தோர்க் கடிதம் வந்தால் கையை முழுதாக நீட்டிப் பிடிப்பார், அப்படியும் முடியாவிட்டால் "தமிழிலை சொல்லு பாப்பம்" என்று மகளிடம் கொடுப்பார். "அண்ணை, ஒரு கண்ணாடியைப் போடுங்கோவன்" என்று என் மனைவி சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனாள். "கமெராக்காரன் கண்ணாடி போட்டால் ஆரடி நம்பிக் கூப்பிடுவினம்?" என்பதுதான் பதில்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். ஸ்டோவ்னரில் இருக்கும் மகேசன் - யோகாம்பாள் தம்பதியின் மகள் ராகவிக்குக் கல்யாணம். ராகவி இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மாப்பிள்ளை கீர்த்திகன் மூன்று வருடத்துக்கு முன் நோர்வே வந்தவர். அவருடைய தாய் ஊரில், கொக்குவிலில் தனியாக இருக்கிறார். கல்யாணத்துக்கு வர அவருக்கு விசா கிடைக்கவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டுக் கடமையை அவர் விடவில்லை. கொக்குவிலில் தன் வீட்டிலேயே பொன்னுருக்கி, தாலி செய்வித்து, ஒஸ்லோ வந்த ஒருவரின் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

யோகாம்பாள் அக்கா ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் எங்களைக் கண்ட இடமெல்லாம் மறிப்பார்.

"சூசை தம்பி, வேறை எதை விட்டாலும் தாலி கட்டுறதை மட்டும் விட்டிடாதை. சம்பந்தியம்மா அதைப் பாக்கத்தான் காத்துக்கொண்டு இருக்கிறா."

"அக்கா, பதினொரு வருசம். ஒரு தாலி தப்பேல்லை. நாங்கள் வூப்பெற்றால்."

கல்யாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் புதுக் கமெரா வந்தது. அதையும் வூப்பெற்றாலில் இருந்துதான் எடுப்பித்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சாமான். பெட்டியைத் திறந்ததும் அவர் செய்த முதல் வேலை, முன்னால் எரியும் சின்னச் சிவப்பு லைற்றின் மேல் கறுப்பு பிளாஸ்ரர் ஒட்டியது. அதுவும் வூப்பெற்றால் பழக்கம். சிவப்பு லைற்றைக் கண்டால் ஆட்கள் நடிக்கத் தொடங்கிவிடுவார்களாம். படம் பதிகிறதா இல்லையா என்பதைக் கமெராவுக்குள்ளே ஒரு மூலையில் சின்ன எழுத்து காட்டும். எவ்வளவு சின்ன எழுத்து என்று நான் சொல்லத் தேவையில்லை.

கல்யாணம் ஒரு பள்ளிக்கூட ஜிம் மண்டபத்தில் நடந்தது. சுவரில் ஏறுகிற கயிறுகளுக்கு நடுவே மணவறை. முதல் கசெற்றில் ஒரு பிழையும் இல்லை. ராகவி கூறைச்சேலை மாற்றப் போன நேரத்தில் சூசைரட்ணம் இரண்டாவது கசெற்றைப் போட்டார். ஓடவும் நிறுத்தவும் ஒரே பட்டன்தான். வேலை செய்கிறதா என்று பார்க்க அதை ஒருதரம் அமர்த்தினார். பார்த்துவிட்டுத் திரும்ப அமர்த்தி நிறுத்த மறந்துவிட்டார். அவ்வளவுதான். ராகவி கூறையோடு வரும்போது எடுக்கிறேன் என்று அவர் அமர்த்தினார், கமெரா நின்றது. நிறுத்துகிறேன் என்று அமர்த்தினார், கமெரா ஓடியது.

கெட்டிமேளம் கொட்டியது. அரிசி பறந்தது. சூசைரட்ணம் ஒரு காலை மணவறைப் படியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். என் கை உளைய உளைய நான் லைற் பிடித்தேன். அவ்வளவு அழகான தாலிகட்டை நான் பிடித்த லைற் அதற்கு முன் கண்டதில்லை. ஒன்றும் பதியவில்லை.

இதில் ஒரு விசேஷம். அந்தக் கசெற் முடியவே இல்லை. ஒரு மணித்தியாலக் கசெற், ஒன்றே முக்கால் மணித்தியாலமாகியும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒருமாதிரி இருந்தது.

"மச்சான், கசெற் மாத்தத் தேவையில்லையோ?"

"இது ஜேர்மன் சாமான். நிண்டு பிடிக்கும்."

அவருக்கு அன்று முழுக்க அதுவே பெருமையாக இருந்தது.

கசெற்றுகள் பாரிஸ் போயின. இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், நாங்கள் அவருடைய வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேனாட் போன் எடுத்தார். பேனாட் கதைப்பதை எல்லோரும் கேட்க வேண்டும் என்று சூசைரட்ணம் எப்போதும் ஸ்பீக்கரில் போடுவார்.

"சூசை, இது என்ன புது மாதிரிப் படமோ? செருப்பைப் பற்றியோ?"

"என்ன செருப்பு?"

"ரண்டாவது கசெற் முழுக்கச் செருப்பு. நிலம், செருப்பு, வேட்டிக் கரை. பிறகு உன்ரை சப்பாத்து. வடிவாப் பொலிஷ் பண்ணியிருக்கிறாய்."

நான் சிரித்துவிட்டேன். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன். சோற்றுக் கை அப்படியே நின்றது. என் சிரிப்புக்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

"தாலி?" என்றார்.

"தாலி இல்லை மச்சான். பட்டனை மாறி அமர்த்தியிருக்கிறாய்."

பிறகு பேனாட்டே தொடங்கினார்.

"நீ யோசியாதை. என்னட்டைத் தாலி கிடக்கு. நாப்பது ஐம்பது தாலி. கிட்ட எடுத்தால் கையும் கழுத்தும் தானே, முகமே தெரியாது. கூறையின்ரை நிறத்தைப் பாத்து ஒண்டை வெட்டிப் போட்டால் பெத்த தாயும் கண்டுபிடிக்க மாட்டா."

சூசைரட்ணம் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தேன். அன்று நான் "வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் ரிக்கற் இல்லாமல் ஏறுகிறவர்களுக்கு வாய் காட்டத் தெரிந்த எனக்கு, அன்றைக்கு வாய் வரவில்லை.

"போடு" என்றார்.

முடிந்த படம் கசெற்றாகி வந்தது. கூடவே நாங்கள் அனுப்பிய சின்னக் கசெற்றுகளும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை ரொம்சோஸில் ரி-பான என்கிற நகர ரயிலில் ஏறினோம். ஸ்டோவ்னர் இரண்டு தரிப்புத்தான். அந்த இரண்டு தரிப்பும் சூசைரட்ணம் தோள்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். வழமையாகக் கசெற் கொடுக்கப் போகும்போது பேனாட் எந்த இடத்தில் எப்படி வெட்டியிருப்பார் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வருவார்.

யோகாம்பாள் அக்கா பயற்றம் பணியாரத்தோடு ஆயத்தமாக இருந்தார். மகேசன் அண்ணை ரி.வி.க்கு முன்னால் கதிரைகளை வரிசையாக வைத்திருந்தார். ராகவியும் கீர்த்திகனும் வந்திருந்தார்கள். கொக்குவிலுக்கான பிரதியை அடுத்த சனிக்கிழமை ஊர் போகும் ஒருவர் கொண்டுபோக ஒத்துக்கொண்டிருந்தார்.

பேனாட் வித்தைக்காரன்தான், மறுக்க முடியாது. கெட்டிமேளம் உயர்ந்தது. மணவறைக்கு மேல் மணி ஆடியது. அடுத்தது ஒரு சிவப்புக் கூறை, ஒரு கழுத்து, முடிச்சுப் போடும் இரண்டு கைகள். மகேசன் அண்ணை கும்பிட்டார். ராகவிக்கே வித்தியாசம் தெரியவில்லை, அவள் வெட்கத்தில் கீர்த்திகனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

யோகாம்பாள் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"சம்பந்தியம்மா இதைப் பாத்தால் காணும். உங்களுக்குத் தெரியுமோ தம்பி, அந்த மனுசிக்கு மிச்சம் இருந்தது ஒரு சோடிக் காப்பு. அதை உருக்கித்தான் இந்தத் தாலி. எனக்கே போன கிழமைதான் சொன்னவா."

சூசைரட்ணம் எழும்பினார். ரி.வி.க்கு முன்னால் போய் முழங்காலில் இருந்தார். கசெற் ஓடும் கறுப்புப் பெட்டியில் எந்தப் பட்டன் என்று தெரியாமல் இரண்டு மூன்றைத் தடவி அமர்த்திக் கசெற்றை வெளியே எடுத்தார்.

"அக்கா, இது ராகவியின்ரை தாலி இல்லை."

"அப்ப ஆற்றை தாலி?"

"தெரியாது. பாரிஸிலை ஆரோ ஒரு பிள்ளையின்ரை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கண் தெரியாததையும் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் குரல் இறங்கியது. யோகாம்பாள் அக்கா பேசிய பேச்சை நான் இங்கே எழுதப் போவதில்லை. பதினொரு வருடத்தில் எடுத்த ஒவ்வொரு தாலியும் ஆருடையது என்று ஒஸ்லோ முழுக்க இனி விசாரிக்க வேண்டும் என்பது அதில் மெதுவான பகுதி. வூப்பெற்றாலுக்கும் நல்ல பூசை கிடைத்தது. மகேசன் அண்ணை, ஏற்கெனவே நின்றுபோயிருந்த ரி.வி.யின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு கீர்த்திகன் கேட்டார்.

"அண்ணை, அப்ப உங்கடை கசெற்றிலை என்னதான் கிடக்கு?"

"செருப்பு" என்றேன் நான். அன்று நான் கதைத்த முதல் வார்த்தை அது.

"போடுங்கோ, பாப்பம்."

கமெரா எப்போதும் சூசைரட்ணத்தின் தோள்பையில் இருக்கும். பாரிஸிலிருந்து திரும்பி வந்த சின்னக் கசெற்றுகளும் அதற்குள்தான் கிடந்தன. இரண்டாவது கசெற்றைப் போட்டு வயரை ரி.வி.யில் கொளுவினார். தான் எடுத்ததைத் தான் பார்ப்பதில்லை என்ற சட்டம் அன்று யோகாம்பாள் அக்கா வீட்டு வரவேற்பறையில் முறிந்தது.

பேனாட் பொய் சொல்லவில்லை. நிலம் ஆடியது. செருப்புகள் வந்தன, போயின. பொன்னிறக் குதிச்செருப்பு ஒன்று நொண்டிக்கொண்டு போனது. "ஹெர்ரகுட் மாமா, அது அம்மாவின்ரை!" என்று நோர்வே மொழியில் கடவுளைக் கூப்பிட்டுக் கத்தினாள் ராகவி. அந்தச் செருப்புக்கு மேலேயிருந்து யோகாம்பாள் அக்காவின் குரல், மாப்பிள்ளையின் தூரத்து உறவு ஒருத்தி நாலு வடை எடுத்ததைப் பற்றி ஆருக்கோ முறைப்பாடு வைத்தது. யோகாம்பாள் அக்கா பயற்றம் பணியாரத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பியும் வந்தார், வேறு என்ன சொல்லியிருக்கிறோம் என்று கேட்க வேண்டுமே.

அதற்குப் பிறகு படம் ஆடாமல் நின்றது. சடங்கு முடிந்து சூசைரட்ணம் கோப்பி குடிக்கப் போனபோது, நிறுத்தியாயிற்று என்ற நினைப்பில் கமெராவை உடுப்பு மாற்றும் அறையில் ஒரு அலுமாரி மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எதிரே இருப்பதற்கு ஒரு நீள வாங்கு. தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு கீர்த்திகன் அதில் வந்து இருக்கிறார். பக்கத்தில் ராகவி, கழுத்தில் மாலையோடு. கடதாசித் தட்டில் வடை.

கீர்த்திகன் சாப்பிட்டார். படத்துக்காக ஊட்டுகிற சாப்பாடு இல்லை அது. காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்தவனின் சாப்பாடு. ஒரு வடை, இரண்டு வடை. மீசையில் ஒட்டிய சட்னியை ராகவி கூறைத் தலைப்பால் துடைத்துவிட்டு, ஐயோ கூறை என்று நாக்கைக் கடித்தாள். இருவரும் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். மூன்றாவது வடையை எடுத்தபோது அவள் பறித்து, பாதியைப் பிய்த்துத் தன் வாயில் போட்டாள்.

"அம்மா போன் எடுத்தால் முதல் கேள்வி சாப்பிட்டனியோ எண்டுதான். இண்டைக்கு ஓம் எண்டு சொல்லலாம்" என்றார் படத்தில் இருந்த கீர்த்திகன்.

"மற்ற நாளிலை?" என்றாள் ராகவி.

"மற்ற நாளிலையும் ஓம் எண்டுதான் சொல்லுறனான்."

கதிரையில் இருந்த கீர்த்திகன் ரி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அண்ணை, பாரிஸ் தாலியை எடுத்துப்போட்டு இதைப் போடுங்கோ. வெட்ட வேண்டாம். அப்பிடியே அனுப்புங்கோ."

"வடை தின்னுறதையோ?" யோகாம்பாள் அக்கா கதிரையை விட்டு எழும்பினார். "சம்பந்தியம்மா என்ன நினைப்பா?"

"அம்மா என்ன நினைப்பா எண்டு எனக்கும் பயம்தான் மாமி. ஆனால் ஆற்றையோ தாலியை அவவுக்குக் காட்டேலாது."

கசெற் முழுவதையும் பாரிஸில் கொம்பியூட்டரில் ஏற்றி வைத்திருந்த பேனாட் போனில் சண்டை பிடித்தார். வெளிச்சம் இல்லை, ஒரு பக்கம் அலுமாரிக் கதவு மறைக்கிறது, பதினாலு நிமிடம் ஒரே கோணம், வூப்பெற்றாலின் மானம் என்னாவது என்றார். "மானம் போயிட்டுது. நீ வெட்டாமல் அனுப்பு" என்றார் சூசைரட்ணம். கசெற் சனிக்கிழமை கொக்குவிலுக்குப் போனது.

பிறகு வந்த ஒரு மாதம் அவர் கமெராவைத் தொடவில்லை. இரண்டு பிறந்தநாள்காரர் கேட்டபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாரி நோ என்றார். ரி.வி.யில் பெயர் ஓடும்போது எழும்பவும் இல்லை. எனக்குச் சனி ஞாயிறு லீவு கிடைத்தது. ஆனால் அந்த லீவு எனக்குப் பிடிக்கவில்லை. பதினொரு வருடமாகச் சலித்துக்கொண்டு லைற் பிடித்தவன், அந்த மனிதர் சனிக்கிழமையும் வீட்டில் இருந்து உருளைக்கிழங்கு உரிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தவித்தேன்.

ஒரு ஞாயிறு காலை, பூசைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டு அவருடைய வீட்டில் நின்றோம். போன் அடித்தது. பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரை அமர்த்தினார்.

"சூசைரட்ணம் தம்பியோ? நான் கீர்த்திகன்ரை அம்மா. கொக்குவிலிலை இருந்து."

அவர் எழும்பி நின்றார். போனுக்கு முன்னால் கை கட்டி நின்ற ஆளை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"அம்மா, படத்திலை தாலி விழேல்லை. பிழை முழுக்க என்னிலைதான்."

"அதை விடுங்கோ தம்பி. தாலி நான் செய்விச்சது. கையிலை வைச்சு வடிவாப் பாத்துப்போட்டுத்தானே அனுப்பினனான்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "பிள்ளை சாப்பிடுறதைத்தான் மூண்டு வருசமாப் பாக்கேல்லை. ஒவ்வொரு கிழமையும் சாப்பிட்டனான் எண்டுவான். நான் ஒருநாளும் நம்பினதில்லை. இப்ப கண்ணாலை கண்டிட்டன். மூண்டாவது வடையை அந்தப் பிள்ளை பறிச்சுத் திண்டுது, என்ன? நல்ல பிள்ளை. இனி நான் கேக்கத் தேவையில்லை."

சூசைரட்ணத்தால் "ஓம் அம்மா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. போனை வைத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். மறைப்பதற்கு நான் சப்பாத்துக் கட்டக் குனிந்தேன்.

"மச்சான்" என்றார்.

"என்ன?"

"கண்ணாடிக் கடை நாளைக்கு எத்தினை மணிக்குத் திறப்பாங்கள்?"